வண்டி விலை திரும்பி வந்துவிட்டது. மேற்கொண்டு ஆன செலவு?

கேள்வி: பழைய கார் விற்கும் டீலர் ஒருவரிடம் ஏழு வருடம் ஓடிய கார் ஒன்றை வாங்கினேன். "எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் செக் பண்ணியாச்சு, தைரியமா ஓட்டுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, நெடுஞ்சாலையில் கியர் விழாமல் வண்டி நின்றுவிட்டது. இழுவை வண்டி வரவழைத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். முதலில் மழுப்பிய டீலர், ஒர்க்‌ஷாப் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு முழு விலையையும் கொடுத்துவிட்டார். ஆனால் இழுவைக் கட்டணம், பரிசோதனைக் கட்டணம், இன்சூரன்ஸ், வேலைக்குப் போக எடுத்த வாடகைக் கார், நான் போட்ட இரண்டு புது டயர், சீட் கவர், லீவு போட்ட நாட்கள் எல்லாம் என் தலையில். கேட்டால், "காசு மொத்தமும் கொடுத்தாச்சே, இன்னும் என்ன கணக்கு?" என்கிறார். மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேள் என்கிறான் தம்பி. வந்தவரை லாபம், விட்டுவிடு என்கிறார் கணவர். வண்டியை ஒப்படைத்தபோது டீலர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். அதன் படத்தையும் ரிப்போர்ட்டின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தம்பிக்கும் கணவருக்கும் நடுவில் புகுவதற்கு முன்னால், நீங்கள் அனுப்பிய அந்தத் தாளைத்தான் முதலில் படித்தேன். இரண்டே வரி. "மேற்படி வாகனம் குறைபாடு காரணமாகத் திரும்பப் பெறப்பட்டது. வாங்கிய விலை முழுவதும் இன்று திருப்பிச் செலுத்தப்பட்டது." கீழே இரண்டு கையெழுத்து, தேதி, கடை முத்திரை. நல்லவேளை. "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்றோ, "முழுமையான இறுதித் தீர்வாக" என்றோ ஒரு வரி அதில் இருந்திருந்தால், உங்கள் கணவர் சொன்னதையே நானும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்த வரி இல்லாததால் இது வெறும் ரசீது. விலை வந்தது என்பதற்குத்தான் சாட்சி, கணக்கு முடிந்தது என்பதற்கு அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். "குறைபாடு காரணமாக" என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். பெருந்தன்மைக்காகத் திரும்ப எடுத்தேன் என்று நாளைக்கு அவர் சொல்ல முடியாதபடி அந்த இரண்டு சொல் தடுத்துவிடும். இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. பெரிய குறையில்லை, அடிப்படை விதி பல நாடுகளில் ஒன்றுதான். 1854இல் இங்கிலாந்தில் ஹாட்லி எதிர் பாக்சென்டேல் என்று ஒரு வழக்கு. ஒரு மாவு ஆலையின் கிராங்க் ஷாஃப்ட் முறிந்துவிட்டது. அதை மாதிரியாக வைத்துப் புதிது செய்ய வெளியூருக்கு அனுப்பினார்கள். ஏற்றிச் சென்றவர்கள் தாமதம் செய்தார்கள், அத்தனை நாளும் ஆலை ஓடவில்லை. போன லாபத்தைக் கொடு என்றார் ஆலைக்காரர். வேறு ஷாஃப்ட் கையில் இல்லை, இது வராவிட்டால் ஆலையே நின்றுவிடும் என்பது ஏற்றிச் சென்றவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை, ஆகவே அந்த நஷ்டம் அவர்கள் பொறுப்பில் வராது என்றது நீதிமன்றம். ஒப்பந்தம் மீறப்பட்டால், அதனால் இயல்பாக விளையும் நஷ்டத்தையும், அப்படி நேரலாம் என்று ஒப்பந்தம் போடும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டத்தையும்தான் கேட்கலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 73ஆவது பிரிவும், மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கின்றன. ஆகவே விலை திரும்பியதோடு டீலரின் பொறுப்பு தீரவில்லை. அதே சமயம், அந்த மூன்று வாரத்தில் உங்கள் பையிலிருந்து போனதெல்லாம் அவர் பொறுப்பும் இல்லை. ஒவ்வொரு செலவுக்கும் ஒரே கேள்வி: வண்டி நன்றாக இருந்திருந்தால் இது ஆகியிருக்குமா?

இழுவைக் கட்டணம் ஆகியிருக்காது. பரிசோதனைக் கட்டணமும் ஆகியிருக்காது. இந்த இரண்டிலும் டீலர் வாதாட இடமே குறைவு. அதிலும் முதலில் மழுப்பிவிட்டு, ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் இறங்கி வந்திருக்கிறார். ரிப்போர்ட்டில் மெக்கானிக் எழுதியிருக்கும் வரியைப் பாருங்கள்: "கியர்பாக்ஸ் ஆயில் கறுத்துள்ளது, வடிகால் போல்ட்டின் காந்தத்தில் உலோகச் சில்லுகள்." காந்தத்தில் மை போலப் பிசுபிசுப்பாக நுண்துகள் படிவது எந்த வண்டியிலும் சகஜம். சில்லுகளாகக் கிடந்தால் உள்ளே பல்லோ பேரிங்கோ உடைந்து தேய்கிறது என்று பொருள். ஆயில் கறுக்கும் அளவுக்குப் போக மூன்று வாரம் போதாது என்று அந்த மெக்கானிக்கிடமே இன்னும் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். வண்டி இப்போது டீலர் கையில் இருக்கிறது, ஆயிலை மாற்றிவிட்டால் தடயம் போச்சு. உங்களிடம் மிஞ்சுவது அந்தக் காகிதம்தான்.

வாடகைக் கார்தான் உங்கள் பட்டியலில் பெரிய தொகை, சண்டை வரப்போவதும் அங்கேதான். கேட்கலாம், ஆனால் நஷ்டத்தைக் கூடியவரை குறைக்க வேண்டிய பொறுப்பு உங்களுக்கும் உண்டு. பஸ்ஸிலோ ரயிலிலோ போக முடிந்த தூரமா? வாங்கிய வண்டி சின்னது, வாடகைக்கு எடுத்தது பெரியதா? அப்படியானால் சின்ன வண்டியின் வாடகை அளவுக்குத்தான் நியாயம். எத்தனை நாள் என்பதும் முக்கியம். பழுதான நாளிலிருந்து பணம் கைக்கு வந்த நாள் வரைக்கும் கேட்பது பொருந்தும். பணம் வந்தபின் அடுத்த வண்டி பார்த்த ஒரு மாதத்துக்கும் சேர்த்துக் கேட்டால், மொத்தக் கோரிக்கையின் மீதே நம்பிக்கை போய்விடும். பெட்ரோலைச் சேர்க்காதீர்கள், சொந்த வண்டி என்றாலும் போட்டுத்தானே ஆக வேண்டும். அப்புறம், வாங்குவதற்கு முன் டீலருக்கு அனுப்பிய செய்திகளைத் தேடிப் பாருங்கள். "தினமும் வேலைக்குப் போய்வர வேணும்" என்று எங்காவது எழுதியிருந்தால், அந்த ஆலைக்காரருக்கு இல்லாத பலம் உங்களுக்கு இருக்கிறது.

இன்சூரன்ஸில் அவசரப்படாதீர்கள். பாலிசியை ரத்து செய்தால் மீதிக் காலத்துக்கு ஒரு தொகை திரும்பும். சில நாடுகளில் பாலிசி வண்டியோடு போகும், சில நாடுகளில் ஆளோடு நிற்கும். ஆளோடு நிற்பதானால் அடுத்த வண்டிக்கே மாற்றிக்கொள்ளலாம். இதையெல்லாம் செய்தபின் மிச்சமாக நிற்கும் நஷ்டமும் ரத்துக் கட்டணமும்தான் டீலரிடம் கேட்கக்கூடியது. ஓட்டிய நாட்களுக்கு பாலிசி உங்களைக் காப்பாற்றியிருக்கிறது, அந்தப் பங்கைக் கேட்க முடியாது. சாலை வரிக்கும் இதே கணக்கு. கடன் வாங்கியிருந்தால், முன்கூட்டியே அடைத்ததற்கு வங்கி பிடித்த கட்டணத்தையும் சேருங்கள். அந்தக் கடனை டீலரே ஏற்பாடு செய்து கொடுத்திருந்தால் உங்கள் பக்கம் இன்னும் வலுவாகும்.

ஆனால் ரத்து செய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, இந்தப் பதிலில் மிக அவசரமானது அதுதான். வண்டியின் பதிவு உங்கள் பெயரிலிருந்து மாறிவிட்டதா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை. பெயர் மாறாமல் டீலர் அதை வேறொருவருக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுத்து, அது எங்காவது இடித்து வைத்தால், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பெயர் மாற்றத்துக்கான சான்று கைக்கு வந்தபிறகே பாலிசியைத் தொடுங்கள்.

சீட் கவரை மறந்துவிடுங்கள். டயர் கொஞ்சம் சிக்கல். பழைய டயர் தேய்ந்து போயிருந்ததால் மாற்றினீர்களா, ஆசைக்கு மாற்றினீர்களா என்று தெரியவில்லை. எப்படியானாலும் புது டயரோடு வண்டியை வாங்கிக்கொண்டவர் அவர், அடுத்தவருக்கு விற்கும்போது அந்த மதிப்பு அவர் பைக்குத்தான் போகும். கேளுங்கள், தரமாட்டேன் என்றால் அதை பேரத்தில் விட்டுக்கொடுக்கும் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். லீவு நாட்களில் சம்பளம் பிடித்திருந்தால், வண்டி நின்ற அன்றைக்கும் ஒப்படைத்த அன்றைக்கும் சம்பளச் சீட்டோடு கேட்டுப் பார்க்கலாம். சம்பளத்தோடு கூடிய லீவு என்றால் கிடைப்பது அரிது.

உங்கள் தம்பி சொல்லும் மன உளைச்சல் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் நுகர்வோர் ஆணையங்கள் அதற்கும் ஒரு தொகை போடுவது வழக்கம். இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்றும் இடங்களில், விற்பனை ஒப்பந்த மீறலுக்கு அது பொதுவாகக் கிடைக்காது.

இதெல்லாம் கேட்பதற்கு முன்னால், டீலர் திருப்பிப் போடக்கூடிய ஒரு துருப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் மூன்று வாரம் ஓட்டியிருக்கிறீர்கள், அவர் அதற்கு ஒரு பைசாகூடக் கழிக்கவில்லை. "அப்ப ஓட்டின கிலோமீட்டருக்குக் காசு வைங்க" என்று ஆரம்பிப்பார். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, முதல் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளை நிராகரித்தால் ஓட்டியதற்கென்று கழிக்க முடியாது; அதற்குப் பிறகு, பழுதுபார்த்தும் சரியாகாமல் திருப்பிக் கொடுத்தால் கழிக்கலாம். மற்ற இடங்களில் இது பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது. ஆகவே ஓடோமீட்டர் எண்ணை, வாங்கிய நாளும் ஒப்படைத்த நாளும், கடிதம் எழுதும் முன்பே எடுத்து வையுங்கள். ஓடியது சில நூறு கிலோமீட்டர்தான் என்றால் அந்தத் துருப்பில் பெரிய வலு இல்லை.

சரி, எப்படிக் கேட்பது? போனில் வேண்டாம். போனில் அவர் என்ன சொன்னாலும் காற்றோடு போய்விடும். அவரே கூப்பிட்டால், பேசி முடித்த உடனே "இன்று பேசியபோது நீங்கள் சொன்னது இது" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். மற்றபடி மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ஒரே கடிதம். கோபம் ஒரு வரிகூட வேண்டாம். ஏறக்குறைய இப்படி:

"இன்ன தேதியில் உங்களிடம் வாங்கிய இன்ன எண்ணுள்ள வாகனம், இன்ன தேதியில் கியர்பாக்ஸ் பழுதாகி நின்றது. குறைபாட்டை ஏற்று வாகனத்தைத் திரும்பப் பெற்று, விலையைத் தந்தீர்கள். அந்தக் குறைபாட்டால் எனக்கு நேர்ந்த கீழ்க்கண்ட செலவுகள் இன்னும் தீரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ரசீது இணைத்துள்ளேன். இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் தொகையைச் செலுத்தக் கோருகிறேன். தவறினால் சட்டப்படி உள்ள வழியை நாடுவேன்."

இணையத்தில் கடையின் பெயரைப் போட்டு நாறடிக்கும் ஆசை வரும். பணம் வரும்வரை அடக்கிக்கொள்ளுங்கள். அது உங்களுக்குப் பணம் தராது, அவருக்கு ஒரு வழக்குக்கான காரணத்தைத் தரும்.

பதினான்கு நாளில் பதில் இல்லை என்றால், இந்தியாவில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்; பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற உதவி எண்ணில் முதலில் சொல்லிப் பார்க்கலாம். மலேசியாவில் 50,000 ரிங்கிட் வரை நுகர்வோர் தீர்ப்பாயம். சிங்கப்பூரில் 20,000 டாலர் வரை சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை சிறு கோரிக்கை வழக்கு. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: வண்டியின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்து, அதில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் டீலருக்கு நேரடியாகக் கொடுத்திருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவின்கீழ் கார்டு நிறுவனமும் டீலருக்குச் சமமான பொறுப்பாளி. விலைக்கு மட்டுமல்ல, இந்தக் கூடுதல் நஷ்டத்துக்கும்தான். டீலர் கடையை மூடிவிட்டுப் போனாலும் அங்கே போய்க் கேட்கலாம்.

என் கணிப்பு, வழக்கு வரை போகாது. குறைபாட்டை எழுத்தில் ஒப்புக்கொண்ட டீலர், ரசீதுகளோடு ஒரு நிதானமான கடிதம் வந்தால் பாதித் தொகையாவது நீட்டுவார். அப்போது கூட்டிப் பாருங்கள். இழுவை, பரிசோதனை, இன்சூரன்ஸில் உண்மையில் போன பணம், நியாயமான நாட்களுக்குச் சின்ன வண்டியின் வாடகை ஆகிய நான்கும் தேறினால் வாங்கிக்கொண்டு, "இறுதித் தீர்வு" என்று அவர் எழுதும் தாளில் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். தேறாவிட்டால், வருவதை "பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று நீங்களே எழுதிக் கொடுத்து வாங்குங்கள். அந்தச் சொல்லுக்கு அவர் ஒத்துக்கொள்ள மறுத்தால் பணத்தைத் தொடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.