ஆறு மாதத் தோட்டம், ஆறு மாத நாய்

வணக்கம்.

சீசன் கூட்டம் இறங்கிய பிறகு கொடைக்கானல் வீடுகள் எப்படி இருக்கும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் மதுரைக்காரி. பள்ளி ஆசிரியை, அடுத்த ஆண்டு ஓய்வு. நாயுடுபுரம் பக்கம் ஒரு சின்ன வீட்டை நீண்ட நாள் வாடகைக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். வருடத்தில் ஆறு மாதம் அங்கே, பாக்கி மதுரையில் என்பது திட்டம். ஒரு தோட்டம், ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற வேலை, ஒரு நாய், ஒரு பூனை. இவ்வளவுதான் ஆசை. "இதெல்லாம் பத்து நாளில் போரடித்துவிடும்" என்கிறான் மகன். எதை முதலில் ஆரம்பிக்கலாம்? இங்கிருந்து என்ன கொண்டுவரலாம்? இன்னொன்று: கொடையில் வாங்கிவந்த நீல ஹைட்ரேஞ்சியா எங்கள் வீட்டுத் தொட்டியில் அடுத்த முறை இளஞ்சிவப்பாகப் பூத்தது. ஏமாற்றிவிட்டார்களா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

நர்சரிக்காரர் ஏமாற்றவில்லை. இந்த மலை மண் அமில மண். அமில மண்ணில் இருக்கிற அலுமினியத்தை ஹைட்ரேஞ்சியா எடுத்துக்கொள்ளும், பூ நீலமாகும். மதுரை போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அலுமினியம் மண்ணில் இருந்தாலும் செடிக்குக் கிட்டாது, பூ இளஞ்சிவப்பாகிவிடும். இங்கேயே பழைய சுவரின் சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிற மூலையில் நிற்கும் செடி, ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் ரோஜா நிறமுமாகப் பூத்து நிற்பதைப் பார்க்கலாம்.

போரடிக்குமா என்ற கவலை வேண்டாம், அதற்கு நேரம் இருக்காது. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த 'ஆறு மாதம்'. தோட்டத்தை ஆறு மாதத்துக்குத் தகுந்தபடி அமைத்துக்கொள்ளலாம். தையலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். நாயை என்ன செய்வீர்கள்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏப்ரலில் வாடகைக்கு வருகிற குடும்பங்களில் சில, பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று தெருவில் ஒரு குட்டியைத் தூக்கிக்கொள்ளும். பாலும் பிஸ்கட்டும் கொடுத்து, பெயர் வைத்து, கட்டிலில் படுக்கவைத்து வளர்ப்பார்கள். ஜூனில் பள்ளி திறக்கும். "ஃபிளாட்டில் விடமாட்டார்கள், இங்கே நாலு பேர் சோறு போடுவார்கள்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்கள். அந்த நாய் பூட்டின கேட்டுக்கு உள்பக்கமாகப் படுத்திருக்கும், வெளியில் அல்ல. தன் வீட்டைக் காவல் காக்கிறதாம். வளைவில் எந்தக் கார் கியர் மாற்றினாலும் எழுந்து நிற்கும். தெருவிலேயே பிறந்து வளர்ந்த நாய்க்குக் கறிக்கடை எப்போது திறக்கும், எந்த டீக்கடையில் விரட்டமாட்டார்கள் என்று எல்லாம் தெரியும். இதற்கு ஒன்றும் தெரியாது.

"வாட்ச்மேனிடம் சோற்றுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போகலாமே" என்பீர்கள். சோறு போடுவார், நான் பார்த்தவரை நல்ல மனிதர்கள்தான். ஆனால் ராத்திரி அது வெளியில்தான் படுக்க வேண்டும். இது சிறுத்தை நடமாடுகிற மலை. வெளியில் கட்டிப்போட்ட நாய் அதற்கு எளிதான இரை. காட்டுமாடு தெருவுக்குள்ளேயே வரும். மனிதர்கள் ஒதுங்கி நின்றால் அது தன் வழியே போய்விடும். நாய் குரைத்துக்கொண்டு முன்னால் ஓடினால்தான் வம்பு.

ஆகவே நாய் கடைசி. இரண்டு ஊருக்கும் கூடவே கூட்டிப்போக முடியும் என்று தெரிந்த பிறகு எடுங்கள். அப்போதும் சடை முடி வைத்த வெளிநாட்டு ஜாதி வேண்டாம். இங்கே பார்க்க அழகாக இருக்கும், மதுரை மே மாதத்தில் அதன் பாடு திண்டாட்டம். நாட்டு நாய் இரண்டையும் தாங்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், தண்ணீர் தேங்குகிற ஊர் இது.

சரி, தோட்டம். எந்த ஆறு மாதம் என்று நீங்கள் சொல்லவில்லை. மே கடைசியில் வருவதாக வைத்துக்கொள்கிறேன், கோடை மழை பெய்து மண் இளகியிருக்கும். மதுரைப் பழக்கத்தில் தக்காளியில் கை வைக்காதீர்கள். மஞ்சு இறங்கி இலை நாள் முழுக்க நனைந்தே இருந்தால் தக்காளிக்கும் உருளைக்கும் கருகல் நோய் வரும். இலையில் கறுப்பாகத் திட்டு விழும், திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதைப் பார்த்த பிறகு பாத்தி சில நாட்களில் போய்விடும். பீட்ரூட், முள்ளங்கி, பட்டாணி போடுங்கள். வேலியோரம் ஒரு முளைவிட்ட சௌசௌ காயைப் பாதி புதையும்படி வையுங்கள், நீங்கள் இல்லாதபோதும் அது பாட்டுக்கு ஏறிக்கொள்ளும். மரத்தக்காளியும் அப்படித்தான், காய்க்க இரண்டு வருடம் எடுக்கும், அவ்வளவுதான். டேலியா வைத்தால் முதலிலேயே குச்சி நட்டுவிடுங்கள், காற்று வந்தபிறகு நட்டால் கிழங்கில் குத்தும். அக்டோபர், நவம்பர் இங்கே பெருமழை. டிசம்பர், ஜனவரியில் ஏரிப் பக்கத்துப் பள்ளங்களில் உறைபனி விழும். அந்த நேரம் நீங்கள் மதுரையில் இருப்பது நல்லது.

பூனை வளர்ப்பதாக இருந்தால் லில்லி வேண்டவே வேண்டாம். அதன் மகரந்தம் உடம்பில் ஒட்டி, பூனை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். தலைகீழாகத் தொங்குமே, ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பெரிய மணிப்பூ, அது ஊமத்தைக்குச் சொந்தம், எல்லா உயிருக்கும் விஷம். நத்தைக்குப் போடுகிற மருந்துக் குருணையை நாய் ருசித்துத் தின்னும். நத்தையை விடிகாலையில் கையால் பொறுக்குவதே மேல்.

தையலை மட்டும் கொடைக்கு வந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றில்லை. இன்றே ஆரம்பியுங்கள், மதுரையில் உங்களுக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது: வெயில். போர்வைக்கு அடித்துணியாகப் பழைய சுங்குடிச் சேலையை விடச் சிறந்தது எதுவும் எனக்குத் தெரியாது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும். சாயம் மட்டும் போகும். அரக்கும் பச்சையும் தனித்தனி வாளியில் ஊறட்டும், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி எடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே வெள்ளைச் சதுரமெல்லாம் ரோஸ் ஆகிவிடும். மேல்துணிக்குத் தையல்காரரிடம் விழுகிற பருத்தித் துண்டு போதும். பனியன் துணியை இதோடு கலக்காதீர்கள், அது இழுபடும், இது இழுபடாது, நடுவில் சுருங்கி நிற்கும்.

அட்டையில் அஞ்சு இஞ்ச் சதுரம் ஒன்று வெட்டி, அதை வைத்தே எல்லாவற்றையும் வெட்டுங்கள். நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குள் போனால் மிஞ்சுவது நாலரை. 13 வரிசை, வரிசைக்கு 20 என்றால் 260 சதுரம். முடிக்கும்போது 58½க்கு 90 இஞ்ச், ஒற்றைக் கட்டில் அளவு. (இந்த 260ஐ மகனிடம் சொல்லிப் பாருங்கள்.) மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் எதை வைப்பது என்பதில் ஆளுக்கொரு கட்சி. பக்கத்தில் மன்னவனூரில் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது என்று கம்பளியைச் சொல்கிறவர்கள் உண்டு. சூடு தரும், ஒத்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் ஒருமுறை நனைந்தால் வாரக்கணக்கில் காயாமல் வாடை அடிக்கும். இலவம் பஞ்சு தலையணைக்குச் சரி, துவைத்தால் கட்டி கட்டியாகத் திரளும். என் கட்சி பழைய பருத்திச் சேலை, இரண்டு மடிப்பு. மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நீள நீளமாக நூலோட்டிப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துப் போங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும்.

விரித்த நிமிஷம் பூனை வந்து நடுவில் உட்காரும். உட்காரட்டும். நூலைத்தான் கவனிக்க வேண்டும். பூனையின் நாக்கில் முட்கள் உள்நோக்கி இருப்பதால், வாயில் சிக்கிய நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கிக்கொண்டே போகும். குடலில் மாட்டி இழுத்துவிடும், ஊசியும் சேர்ந்து போனால் இன்னும் மோசம். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். நேராக மருத்துவரிடம் போங்கள். தையலை விட்டு எழும்போதெல்லாம், காபி போடப் போனாலும், ஊசியும் நூலும் மூடியுள்ள டப்பாவுக்குள் போக வேண்டும். போர்வை அலமாரியில் பாச்சை உருண்டையும் வேண்டாம், அதுவும் பூனைக்கு நஞ்சு. வெயில் அடிக்கிற நாளெல்லாம் போர்வையைத் தூக்கி வெளியில் போட்டாலே பூஞ்சணம் பிடிக்காது.

என்ன கொண்டுவருவது என்றால், அலசிக் காயவைத்த துணி, நல்ல கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி. செடி எதுவும் வேண்டாம். மதுரைப் பதிவெண் வண்டியில் வருவதாக இருந்தால் கிளம்புமுன் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7லிருந்து வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும். துணி மூட்டையைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல் பழைய வேட்டியில் கட்டிக்கொள்ளுங்கள். மலை ஏற ஏறப் பைக்குள் வியர்த்து, நீங்கள் காயவைத்ததெல்லாம் வீணாகிவிடும்.