மல்ச்சிங் ஷீட் துண்டுகள் காய் வழியாக உடலுக்குள் போகுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இரண்டு ஏக்கரில் தக்காளியும் மிளகாயும் மாற்றி மாற்றிப் பயிரிடுகிறேன். நான்கு ஆண்டுகளாக மல்ச்சிங் ஷீட் (களை வராமலும் ஈரம் காயாமலும் இருக்கப் பாத்தி மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள்) விரித்துத்தான் நடவு செய்கிறேன். இப்போது உழும்போதெல்லாம் கிழிந்த துண்டுகள் மேலே வருகின்றன. இந்தப் பிளாஸ்டிக் காய் வழியாக மனிதரின் இரத்தத்தில் கலந்துவிடும் என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் சொல்கிறான். இது உண்மையா? ஷீட்டை விட்டுவிட வேண்டுமா? பழைய ஷீட்டை வரப்போரம் போட்டு எரிக்கலாமா?

பதில்: ஐயா, கடைசியாகக் கேட்டதற்கே முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: எரிக்காதீர்கள். திறந்த வெளியில் அரைகுறையாக எரியும் பாலித்தீன் கரும்புகையையும் நச்சு வாயுக்களையும் கக்குவதோடு, உருகி இறுகிய கட்டிகளாக வரப்பிலேயே தங்கிவிடும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் நீங்களும் பக்கத்து வயலில் களை எடுப்பவர்களும்தான்.

காய்க்குள் போகுமா என்பதற்குத் துகளின் அளவைப் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் துண்டுகளை நுண்பிளாஸ்டிக் என்கிறோம். உங்கள் கலப்பையில் சிக்கும் துண்டு அதைவிடப் பெரியது. அதை எந்த வேரும் உறிஞ்சாது. ஆனால் அதே துண்டு வெயிலில் நைந்து, மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டரில் அரைபட்டு, ஆண்டுக்கணக்கில் உடைந்துகொண்டே போனால் கண்ணுக்குத் தெரியாத துகளாகிவிடும். கோதுமையையும் லெட்டூஸ் கீரையையும் வைத்துச் சீன ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 0.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள்கள், பக்கவேர் கிளம்பும் இடத்தில் உண்டாகும் சிறு வெடிப்புகள் வழியே உள்ளே புகுந்து, செடி உறிஞ்சும் நீரோடு சேர்ந்து தண்டுக்கும் இலைக்கும் ஏறியது தெரியவந்தது. ஆகவே உங்கள் மகன் சொல்வது வெறும் கற்பனை அன்று. ஆயினும் அது, துகள்களை வேண்டுமென்றே கலந்து சோதனைக்காக வளர்த்த இளஞ்செடிகளில் கண்டது. அதை வைத்து உங்கள் தக்காளி உண்ணத் தகாதது என்று முடிவுகட்டுவது தவறு.

மனித உடலைப் பற்றிய செய்தி இதைவிடக் கவலை தருவது. நெதர்லாந்தில் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்ததாக 2022-இல் அறிவித்தார்கள். அவற்றில் ஷீட் தயாரிக்கப் பயன்படும் பாலித்தீனும் ஒன்று. இத்தாலிய மருத்துவர்கள், கழுத்துத் தமனியில் அடைத்த கொழுப்புப் படிவை அறுவை சிகிச்சை செய்து அகற்றிய 257 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 150 பேரின் படிவில் பாலித்தீன் இருந்தது. பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவற்றின் ஆபத்து மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேலாக இருந்தது. துகள்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன என்பதுதான் அதன் முடிவு. உலக சுகாதார நிறுவனமும் 2022-இல், உடல்நலக் கேட்டைத் திட்டமாக அளவிடச் சான்று போதாது என்றே கூறியது. பீதி அடையத் தேவையில்லை, அலட்சியமும் கூடாது என்பதே என் கருத்து.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காயைப் பற்றிக் கவலைப்படும் நாம், நடவாட்களுக்குக் கொதிக்கும் டீயைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிவந்து காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுக்கிறோம். அந்தக் கப்பின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. சூடான நீர் 15 நிமிடம் நின்றால் 100 மில்லியில் ஏறத்தாழ 25,000 நுண்துகள்கள் கலப்பதாகக் கரக்பூர் ஐஐடி 2020-இல் கண்டறிந்தது. தூக்குவாளியும் எவர்சில்வர் டம்ளரும் கொண்டுபோனாலே இது நின்றுவிடும்.

ஷீட்டை விட்டுவிடச் சொல்லமாட்டேன். தண்ணீரும் களையெடுப்புக் கூலியும் மிச்சமாவது உண்மை. தவறு விரிப்பதில் இல்லை, வயலிலேயே விட்டு உழுவதில்தான் இருக்கிறது. சீனாவின் சிஞ்சியாங் பருத்தி வயல்களில் மிக மெல்லிய ஷீட்டைப் பல ஆண்டுகள் விரித்து, கையில் எடுத்தாலே பொடியும் அதை மண்ணிலேயே விட்டதால் நிலம் கெட்டது. பின்னர் அந்நாடு 2017-இல் குறைந்தது 10 மைக்ரான் கனம் வேண்டும் என்று தரம் வகுத்தது. நம் ஊரில் காய்கறிக்கு 25 மைக்ரானுக்குக் குறைந்ததை, விலை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். ஒரே ஷீட்டில் இரண்டாம் பயிரும் எடுக்கும் பழக்கம் பெருகிவருகிறது. வெயிலில் காய்ந்த ஷீட் அதற்குள் நொறுங்கத் தொடங்கிவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடிகளை அடியோடு வெட்டி, சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி எடுத்துவிட்டு, பாத்தியின் இருபுறமும் மண்ணில் புதைந்துள்ள ஓரங்களை மண்வெட்டியால் தளர்த்துங்கள். மண்ணில் சிறிது ஈரம் இருக்கும்போது ஒரு முனையிலிருந்து இருவர் இழுத்துச் சுருட்டினால் பெரும்பாலும் கிழியாமல் வரும். 4 அடி அகலமும் 400 மீட்டர் நீளமும் கொண்ட 25 மைக்ரான் ரோல் ஏறத்தாழ 11 கிலோ இருக்கும். எடுத்ததை மண் உதறி எடைபோட்டுப் பாருங்கள். குறையும் எடையில் பெரும்பகுதி உங்கள் மண்ணில்தான் கிடக்கிறது. நடவுக்குத் துளையிடும்போது விழும் வட்டத் துண்டுகளையும் அன்றே ஒரு சாக்கில் பொறுக்கிப் போடச் சொல்லுங்கள். நாணயம் போலப் பாத்தியில் சிதறிக் கிடக்கும் அவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஏற்கெனவே மண்ணில் உள்ளதற்கு, ரொட்டவேட்டர் ஓட்டாமல் கொக்கிக் கலப்பையை மட்டும் ஓட்டி, மேலே வரும் துண்டுகளை ஒவ்வோர் உழவிலும் பொறுக்குவதே வழி. காய்ந்த மண்ணில் அதைச் செய்யும்போது மூக்கையும் வாயையும் துண்டால் மூடிக்கொள்ளுங்கள். ‘ஆக்சோ’ வகை ஷீட் (விரைவில் உடைவதற்கான ரசாயனம் சேர்த்தது) தானே மக்கிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அது மக்காமல் விரைவில் துகளாகும், ஐரோப்பிய ஒன்றியம் அதை 2021 முதல் தடைசெய்துவிட்டது. கரையான் தொல்லை இல்லாத பகுதியில், மிளகாய்க்கு மட்டுமாவது ஷீட்டுக்குப் பதிலாகக் கரும்புச் சோகையை (காய்ந்த கரும்புத் தோகையை) மூன்று அங்குலக் கனத்தில் பரப்பிப் பார்க்கலாம்.

அறுவடை முடிந்த வயலில் ஆடுமாடுகளை மேயவிடுவதாக இருந்தால், ஷீட்டை முழுவதும் எடுத்த பிறகே விடுங்கள். தழையோடு சேர்த்து விழுங்கிய ஷீட் செரிக்காமல் முன்வயிற்றில் திரண்டு அசைபோடுவதையே நிறுத்திவிடும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டிவரும்.