மலேசியாவில் எது சுதந்திர தினம்? கிள்ளானுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

ஆகஸ்டு 31, செப்டம்பர் 16 என அடுத்தடுத்து இரண்டு விடுமுறைகள் வருகின்றனவே, இவற்றில் எது மலேசியாவின் சுதந்திர தினம், அன்று உணவகத்தில் வேலைக்குக் கூப்பிட்டால் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஒத்தக்கடை, நான் மேலூர். கிள்ளானிலேயே குடும்பத்தோடு நிலைத்துவிட்டவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சுதந்திர தினம் ஆகஸ்டு 31தான். இன்றைய மலேசியாவின் தீபகற்பப் பகுதியான மலாயா, 1957இல் விடுதலை பெற்ற நாள் அது. முந்தைய நள்ளிரவில், இன்று மெர்டேக்கா (மலாய் மொழியில் 'விடுதலை') சதுக்கம் எனப்படும் கோலாலம்பூர்த் திடலில் பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்டது. விடிந்ததும், இந்த விழாவுக்கென்றே கட்டப்பட்ட மெர்டேக்கா அரங்கத்தில் நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலை அறிவிப்பை வாசித்துவிட்டு, 'மெர்டேக்கா' என்று ஏழு முறை முழங்கினார். விழா மேடைகளில் இன்றும் அந்த முழக்கத்தைக் கேட்பீர்கள்.

செப்டம்பர் 16 வேறு கதை. மலாயாவுடன் சிங்கப்பூரும், போர்னியோ தீவிலுள்ள சபா, சரவாக்கும் இணைந்து 1963இல் மலேசியா உருவான நாள் அது. அதையும் ஆகஸ்டு 31 அன்றே நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள்; இந்தோனேசியாவும் பிலிப்பைன்சும் எதிர்த்ததால், ஐ.நா. குழு போர்னியோ மக்களின் விருப்பத்தைக் கேட்டறியும் வரை தள்ளிப்போனது. சிங்கப்பூர் 1965இல் பிரிந்துவிட்டது. 2010 முதல்தான் இந்த நாள் நாடு முழுவதற்கும் பொது விடுமுறை. உங்களோடு சபா, சரவாக் ஆட்கள் யாரேனும் வேலை செய்தால், 1957ஐ மட்டும் பெரிதாகப் பேசாதீர்கள். அது தங்கள் கணக்கில் வராத ஆண்டு என்பார்கள். அதில் நியாயமும் உண்டு.

நம் ஊரில் ஆகஸ்டு 15 காலைப் பொழுதோடு முடிந்துவிடும். மதுரை ஆயுதப்படை மைதானத்தில் ஆட்சியர் கொடியேற்றுவார். பள்ளிக்கூடத்தில் கயிற்றை இழுத்ததும் கொடிக்குள் மடித்து வைத்த பூ உதிரும். மிட்டாயை வாங்கிக்கொண்டு பத்து மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவோம். இங்கே அப்படியன்று. ஆகஸ்டு முழுவதும் கடை, லாரி, கார்க் கண்ணாடி என எங்கும் கொடிதான். 30ஆம் தேதி இரவு வாணவேடிக்கை, மறுநாள் காலை பெரிய அணிவகுப்பு.

காந்தி அருங்காட்சியகத்தில் ரத்தக்கறை படிந்த துணியைப் பார்த்தும், 1921இல் மேலமாசி வீதியில் அவர் அரையாடைக்கு மாறிய கதையைக் கேட்டும் வளர்ந்த நமக்கு, பேச்சுவார்த்தையில் கிடைத்த விடுதலை என்றால் சற்றுச் சப்பென்று தோன்றலாம். அப்படி எண்ணுவது தவறு என்பேன். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை. நேதாஜியின் படையில் இந்திய விடுதலைக்காகச் சேர்ந்த மலாயாத் தமிழர் பலர். அந்தப் படையின் ஜான்சி ராணி பிரிவில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன், பிறகு 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார்.

கடை வாசலில் கொடி கட்டும் வேலை பெரும்பாலும் புதிதாக வந்தவர் தலையில்தான் விழும். பிறையும் நட்சத்திரமும் உள்ள நீலக் கட்டம் கம்பத்தை ஒட்டி மேலே வர வேண்டும். கிழிந்த கொடியைக் கட்டவே கூடாது. தலைகீழாகக் கட்டிய கொடியால் கடைக்காரர்கள் போலீஸ் விசாரணை வரை போயிருக்கிறார்கள். 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இனி சம்பள விஷயம். உணவகம் என்பதால் அன்று கூட்டம் அதிகமாகவே இருக்கும், கூப்பிடத்தான் செய்வார்கள், கூப்பிட்டால் போங்கள். ஆனால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இவ்விரண்டு நாள்களும் சம்பளத்துடன் கூடிய கட்டாய விடுமுறைகள். இது வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பொருந்தும். அன்று வேலை செய்தால், விடுமுறைச் சம்பளம் போக மேலும் இரண்டு நாள் சம்பளம் சேர வேண்டும். மாத முடிவில் சம்பளச் சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கணக்குப் பார்ப்பவரிடம் சத்தம் போடாமல் தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.