ஐடி வேலை, ஷட்டில், ஓப்பன் சோர்ஸ்: மூன்றில் எதை விடுவது?

கேள்வி: சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் வேலை, அமெரிக்க கிளையன்ட். வாரத்தில் மூன்று நாள் ஷட்டில் ஆடுகிறேன். ஓப்பன் சோர்ஸில் பங்களிக்க ஆசை, ஆனால் எங்கே தொடங்குவது, கம்பெனி ஒத்துக்கொள்ளுமா என்று தெரியவில்லை. இதற்கிடையில் வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. எதை விடலாம்?

எதையும் விட வேண்டாம். நேரம் ஒதுக்கும் முறையை மட்டும் மாற்றுங்கள். பெரும்பாலானவர்கள் ஓப்பன் சோர்ஸுக்கு "சனிக்கிழமை நான்கு மணி நேரம்" என்று எழுதி வைத்துவிட்டு, ஷட்டிலை நேரம் கிடைத்தால் பார்க்கலாம் என்று விடுவார்கள். இது தலைகீழ். டபுள்ஸுக்கு நான்கு பேர் வேண்டும், நீங்கள் வராவிட்டால் மூன்று பேர் நிற்பார்கள். கோர்ட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தது. ஓப்பன் சோர்ஸுக்கு அனுப்பும் கோட் திருத்தம், அதாவது பேட்ச், அப்படியில்லை. இன்று ராத்திரி அனுப்பினால் மெயின்டெய்னர் (ப்ராஜெக்டைப் பராமரிப்பவர்) அடுத்த வாரம்தான் பார்ப்பார். ஆகவே காலண்டரில் பூட்டி வைக்க வேண்டியது ஷட்டில், கிடைக்கிற அரை மணி நேரங்களில் ஓட்ட வேண்டியது ஓப்பன் சோர்ஸ்.

ஷட்டிலைக் காலை 6 மணிக்கு வையுங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி ஸ்டாண்ட்-அப் என்றால், அமெரிக்கக் கடிகார மாற்றத்தால் நமக்கு வெயில் காலத்தில் மாலை 6:30, நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு 7:30. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடும். மாலை ஸ்லாட்டுக்கு மாதக் கட்டணம் கட்டியவர்கள் பாதிப் பணத்தை இந்த மாற்றத்துக்கே விடுகிறார்கள். ஆன்-கால் வாரத்தில் ஆட்டத்தை விட்டுவிடுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து ப்ரொடக்ஷன் பார்த்தவர் ஆறு மணிக்கு ஸ்மாஷ் அடிக்கப் போனால் கணுக்கால்தான் பிசகும்.

அடுத்து, கம்பெனி. இதில் அவசரம் வேண்டாம். 1957ஆம் வருட இந்தியப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் 17ஆவது பிரிவு, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கிய படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான் என்கிறது. கம்ப்யூட்டர் புரோகிராமும் அந்தச் சட்டப்படி இலக்கியப் படைப்புதான். "சொந்த நேரத்தில் எழுதியது" என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் அறிவுசார் சொத்துப் பத்தி அதைவிட அகலமாக இருக்கலாம், எடுத்துப் படியுங்கள். சர்வீஸ் கம்பெனியில் இன்னொரு அடுக்கு உண்டு: கிளையன்ட்டோடு போட்ட ஒப்பந்தம். அது பெரும்பாலும் நம் கண்ணில் படாது, ஆனால் நம்மையும் கட்டும்.

மேனேஜருக்கு மெயில் போடுங்கள், வாய்ப்பேச்சு போதாது. ஆறு விஷயம் இருந்தால் போதும்: எந்த ப்ராஜெக்ட், அதன் லைசென்ஸ் என்ன, சொந்த லேப்டாப்பில், அலுவலக நேரத்துக்கு வெளியே, கிளையன்ட்டின் தொழிலோடு சம்பந்தமில்லை, பணம் வாங்கவில்லை. கடைசி வரி முக்கியம். 2022 செப்டம்பரில் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்தார்கள் என்று சொல்லி விப்ரோ 300 பேரை நீக்கியதிலிருந்து, "பக்க வேலை" என்றாலே எச்.ஆர். காது விடைத்துக்கொள்கிறது. சம்பளமில்லாத பங்களிப்பு வேறு என்பதை நீங்களே தெளிவாக எழுதிவிடுவது நல்லது. கூகுள், அப்பாச்சி போன்றவர்களின் திட்டங்களில் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்று கேட்பார்கள். கம்பெனிக்கு உங்கள் கோடில் உரிமை இருந்தால் அதில் கம்பெனியின் சம்மதமும் வேண்டும். அதனால் முதல் பேட்சுக்கு, கமிட்டில் (கோட் மாற்றத்தின் பதிவில்) சைன்-ஆஃப் வரி மட்டும் கேட்கும் ப்ராஜெக்டாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தன் கோட் லினக்ஸில் இருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் போட்ட வழக்கு நடந்துகொண்டிருந்தபோது 2004இல் லினக்ஸ் கெர்னல் கொண்டுவந்த முறை அது: "இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு" என்று உங்கள் பெயரில் ஒரு வரி. கையெழுத்து இல்லை, படிவம் இல்லை. ஆனாலும் அந்த வரி பொய்யாகிவிடக் கூடாது.

அலுவலக லேப்டாப்பை இதற்குத் தொடவே வேண்டாம். வீட்டு லேப்டாப்பிலும் கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதியும் மென்பொருள்) பெயரையும் மெயிலையும் சரிபார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கம்பெனி மெயிலோடு போன கமிட் வரலாற்றில் நிரந்தரமாக நிற்கும், மெர்ஜ் ஆன பிறகு யாரும் உங்களுக்காக வரலாற்றைத் திருத்த மாட்டார்கள். ஒரே மெஷினில் இரண்டு அடையாளம் வேண்டுமென்றால், கிட் கான்ஃபிக்கில் ஃபோல்டரைப் பொறுத்து வேறு கோப்பைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. 2017இல் வந்த 2.13 பதிப்பிலிருந்தே உண்டு.

இனி எங்கே தொடங்குவது. "முதல் முறை வருபவர்களுக்கு" என்று லேபிள் ஒட்டிய இஷ்யூக்களை (பிழைப் பதிவுகளை) துரத்தாதீர்கள். பிரபலமான ப்ராஜெக்டில் அவற்றை உடனே யாராவது பிடித்துவிடுவார்கள். கெர்னலிலும் தொடங்க வேண்டாம்: மெயிலில் பேட்ச், இரண்டு வார மெர்ஜ் விண்டோ, அதன் பிறகு வாரக்கணக்கில் ரிலீஸ் கேண்டிடேட் என்று அது தனி உலகம். ரீட்மீயில் பெயரைச் சேர்த்துப் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போடுவது வேண்டவே வேண்டாம். 2020 அக்டோபரில் டி-ஷர்ட்டுக்காக வந்த அந்த வகைக் குப்பையால்தான் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு நிகழ்வே, விருப்பம் தெரிவித்த ப்ராஜெக்டுகளுக்கு மட்டும் என்று விதியை மாற்றியது.

உங்களிடம் இருக்கிற, மற்றவர்களிடம் இல்லாத சரக்கு ஒன்று உண்டு: தமிழ் எழுத்து எங்கே உடைகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். தினமும் பயன்படுத்தும் நோட்ஸ் ஆப், மார்க்டவுன் எடிட்டர், ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் எதுவானாலும் சரி, தமிழில் நான்கு வரி தட்டிப் பாருங்கள். பிழை பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்.

முதலாவது, வெட்டுதல். "பள்ளி" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் தரத்தில் ஐந்து குறி: ப, ள, புள்ளி, ள, இகரக் கொக்கி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15 பைட். நான்கு குறியோடு வெட்டும் ப்ரிவ்யூவில் அது "பள்ள" ஆகிவிடும். பைட் கணக்கில் வெட்டினால் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு, எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் இன்டில் செக்மென்டர் இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 125இலும் வந்துவிட்டதால் எல்லா முக்கிய பிரவுசரிலும் ஓடும். ஒரு சங்கடம்: "க்ஷ"வை அது இரண்டாகத்தான் எண்ணும். டெஸ்ட் எழுதும்போது நினைவில் இருக்கட்டும்.

இரண்டாவது, சொல் பிரித்தல். பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும்) நூலகத்தில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ (\w) என்றால் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும். உயிர்க்குறிகளும் புள்ளியும் அதில் சேராது. "நிலா" போட்டால் "ந", "ல" என்று இரண்டு துண்டு வரும். வேர்ட் கவுன்ட், ஹேஷ்டேக், தேடல் மூன்றும் இதனாலேயே தமிழில் சொதப்புகின்றன. ஜாவாஸ்கிரிப்டில் அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். அங்கே எழுத்து வகையையும் ஒட்டுக்குறி வகையையும் சேர்த்து யூனிகோட் கொடியோடு எழுத வேண்டும். எழுத்து வகையை மட்டும் சேர்த்துவிட்டு "யூனிகோட் ஆதரவு தயார்" என்று சொல்வதுதான் வழக்கமான அரைகுறைத் திருத்தம்.

மூன்றாவது, தேடல். "கொ" என்பதை க-வோடு ஒரே குறியாகவும் சேர்க்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேர்க்கலாம். திரையில் ஒன்றுபோலவே இருக்கும், ஒப்பிட்டால் பொருந்தாது. இரண்டையும் ஒரே வடிவமாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. ஆனால் "கௌதம்" என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு "கெளதம்" என்று தட்டியிருந்தால் என்எஃப்சி காப்பாற்றாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து. இதையும் சேர்த்துத் திருத்துகிறேன் என்று முதல் பேட்சிலேயே இறங்காதீர்கள்.

பிழை கிடைத்ததும் கோடைத் தொடாமல் முதலில் ப்ராஜெக்டை உங்கள் மெஷினில் பில்ட் செய்து, இருக்கும் டெஸ்டுகளை ஓட விடுங்கள். முதல் வாரம் இதிலேயே போகலாம், பரவாயில்லை. பெரிய ரெப்போவைக் கடைசி கமிட் மட்டும் வருமாறு இறக்கினால் டேட்டா மிச்சம், ஆனால் ஒரு வரியை யார், ஏன் எழுதினார் என்று பார்க்க முடியாது. கோப்பு உள்ளடக்கத்தை மட்டும் தேவைப்படும்போது இறக்கும் பார்ஷியல் க்ளோன் இரண்டுக்கும் நடுவே நல்ல வழி. பிறகு இஷ்யூ: என்ன தட்டினேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், எந்தப் பதிப்பு. தமிழ் தெரியாத மெயின்டெய்னருக்கு ஸ்க்ரீன்ஷாட் பயன்படாது. யூனிகோட் குறி எண்களை வரிசையாக எழுதுங்கள், அது அவருக்குப் புரியும். அடுத்து, தோற்கும் டெஸ்ட் ஒன்று. அதன் பிறகுதான் திருத்தம்.

புல் ரிக்வெஸ்ட் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் லாஜிக்கால் அல்ல. எடிட்டர் சேமிக்கும்போதே ஃபார்மேட் செய்து, ஆறு வரித் திருத்தத்தை 600 வரியாகக் காட்டும். விண்டோஸில் வரிமுடிவு மாறிக் கோப்பு முழுவதும் மாறியதுபோல் தெரியும். உங்கள் ஃபோர்க்கின் (ப்ராஜெக்டின் உங்கள் நகலின்) மெயின் கிளையிலிருந்தே அனுப்பியிருப்பீர்கள், அடுத்து எழுதும் வேறு கமிட்டெல்லாம் அதே ரிக்வெஸ்ட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அனுப்பும் முன் டிஃபை (மாறிய வரிகளின் பட்டியலை) ஒருமுறை நீங்களே ரிவ்யூ செய்தால் இவை எல்லாம் பிடிபடும். கமிட் தலைப்பு 50 எழுத்துக்குள், விளக்கம் 72இல் மடக்கி, "ஏன்" என்பதை எழுதுங்கள், "என்ன" என்பது டிஃபிலேயே இருக்கிறது. கிட்ஹப்பில் புதியவரின் சிஐ (தானாக ஓடும் டெஸ்டுகள்), மெயின்டெய்னர் அனுமதி தரும்வரை ஓடாமல் நிற்கலாம். அது பிழையல்ல. பத்து நாள் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு வரி நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையா, அடுத்த ப்ராஜெக்டைப் பாருங்கள். பேட்ச் நன்றாக இருந்தும் ஆள் இல்லாத ப்ராஜெக்டுகள் நிறைய.

முழங்கை. வெளிப்பக்க வலி, அதுவும் பக்கெட் தூக்கும்போதும் கதவுப் பிடியைத் திருகும்போதும் அதிகமாகிறது என்றால் டென்னிஸ் எல்போவாக இருக்க வாய்ப்பு அதிகம். மணிக்கட்டை மேலே தூக்கும் முன்னங்கைத் தசை அங்கேதான் எலும்பில் சேர்கிறது. நாள் முழுக்க மவுஸ் மேல் விரலைத் தூக்கி வைத்திருப்பதும் அதே தசை, பேக்ஹேண்ட் அடிப்பதும் அதே தசை. ஆகவே மவுஸை இடது கைக்கு மாற்றுவது முதல் சிகிச்சை. ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

ராக்கெட்டில் முதல் குற்றவாளி டென்ஷன், அதாவது கம்பியின் இறுக்கம். டோர்னமென்ட் ஆட்டக்காரர்களைப் பார்த்து 28 பவுண்டு போடாதீர்கள். 22 முதல் 24 போதும், 0.70 மில்லிமீட்டர் கம்பி. எடை 4யூ, அதாவது 80 முதல் 84.9 கிராம். பிடியை அடிக்கும் கணத்தில் மட்டும் இறுக்குங்கள், மற்ற நேரம் தளர்வாக இருக்கட்டும். வியர்வையில் வழுக்கும் பழைய கிரிப்தான் இறுக்கிப் பிடிக்க வைக்கும், அதை மாற்றத் தயங்க வேண்டாம். நைலான் ஷட்டில் என்றால் நம் ஊர் வெப்பத்துக்குப் பச்சைப் பட்டை போட்டது. நீலப் பட்டை கோட்டைத் தாண்டிப் போகும். இறகு ஷட்டில் 75 அல்லது 76. ஓடும் ஷூவில் ஆடாதீர்கள், உயர்ந்த குதிகால் பக்கவாட்டில் கவிழும். கோர்ட்டுக்கென்று இருக்கும் நான்-மார்க்கிங் ஷூவே வேண்டும்.

பயிற்சி: முன்னங்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கி, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே. கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். மறு கையால் மணிக்கட்டைத் தூக்கிவிட்டு, நான்கு எண்ணும் நேரத்தில் மெல்ல இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று, தினமும். லேசான வலி சரி, குத்தினால் எடையைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை ஸ்மாஷைக் குறைத்து டிராப்பும் நெட் ஆட்டமும் ஆடலாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், அல்லது கட்டைவிரல் பக்கம் ராத்திரியில் மரத்து எழுப்பினால், அது தசை விஷயமல்ல, நரம்பு. பாட்டிலை வைத்துவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.