மக்கள் சூட்டும் பெயர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கல்லக்குடியில் நடந்தது வெறும் பெயர்ப்பலகைச் சண்டை என்கிறார் நண்பர். சரியா?

பதில்: அப்படிச் சொல்வது அநியாயம். 1939-இல் டால்மியா நிறுவனத்தின் சிமென்ட் ஆலை வந்ததையொட்டி, திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியின் ரயில் நிலையத்துக்கு டால்மியாபுரம் என்ற பெயர் ஏறியது. ஊர்ப்பெயர் ஒரு முதலாளியின் பெயருக்கு வழிவிட வேண்டுமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. 1953 ஜூலை 15 அன்று, கருணாநிதியும் தோழர்களும் நிலையத்துப் பலகையின் மேல் 'கல்லக்குடி' என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார்கள். ஒரு கையால் கிழித்துவிடக்கூடிய தாள்தான்; ஆயினும், அன்றைய துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். 1967-இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகே பலகை மாறியது. இன்று அந்நிலையத்தின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம். புதுப்பெயர் சூட்டுவதைவிட, பறிபோன பெயரை மீட்பதற்கே வலு அதிகம் என்பது என் கருத்து.

கேள்வி: ஒரு முற்றத்துக்குப் பெயர் வைத்தால் அரசு ஏன் பதற வேண்டும்?

பதில்: 2020 ஆகஸ்டில் பெலாரூஸ் தலைநகர் மின்ஸ்கில், அரசு ஏற்பாடு செய்த நிகழ்ச்சியில் சோவியத் ராக் பாடகர் விக்டர் த்சோயின், அரசை எதிர்த்தவர்கள் தம் பாடலாகக் கொண்ட 'மாற்றங்கள்' பாடலை ஒலிக்கவிட்ட ஒலியமைப்பாளர்கள் இருவர் கைதானார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் முற்றத்திலிருந்த சிறு கட்டடத்தின் சுவரில் அவ்விருவரின் உருவங்கள் வரையப்பட்டன. குடியிருப்போர் அவ்விடத்தை 'மாற்றங்களின் சதுக்கம்' என்று அழைத்தார்கள். அதிகாரிகள் அதன் மேல் வண்ணம் பூசப் பூச, மக்கள் மீண்டும் மீண்டும் வரைந்தார்கள். நவம்பரில், வேலியில் கட்டியிருந்த, எதிர்ப்பின் அடையாளமான வெள்ளை-சிவப்பு-வெள்ளை நாடாக்களை முகமூடி அணிந்தவர்கள் அகற்ற வந்தபோது, வீட்டிலிருந்து முற்றத்துக்கு இறங்கிவந்த 31 வயது ரமான் பண்டரென்கா தாக்கப்பட்டு, 12-ஆம் தேதி இறந்தார். பெயரிட்ட இடத்தை மக்கள் தமதென்று காக்கத் தொடங்குகிறார்கள். அரசின் பதற்றம் அதனால்தான்.

கேள்வி: 'கோட்டாகோகம' என்ற பெயர் போராட்டத்தோடு முடிந்துபோனதே?

பதில்: சிங்களத்தில் 'கம' என்றால் ஊர்; 'கோ' என்பது ஆங்கிலத்தில் 'போ'. இலங்கையின் அன்றைய அதிபர் கோட்டாபய பதவி விலக வேண்டும் என்ற கோரிக்கையே 2022 ஏப்ரலில் கொழும்பு காலிமுகத்திடலில் போராடியோர் அமைத்த கூடார ஊரின் பெயராயிற்று. அவர் ஜூலை 14 அன்று விலகியதும் பெயர் தன் வேலையை முடித்தது. ஜூலை 22 அதிகாலையில் படையினர் அகற்றியது கூடாரங்களை மட்டுமே. அவ்வாண்டு மே 18 அன்று அங்கே, 2009 போரின் இறுதியில் உயிரிழந்த தமிழர்களின் நினைவாக வழங்கப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டதையும் மறக்கலாகாது.

கேள்வி: எங்கள் தெருப்பலகையில் நாங்களே தாள் ஒட்டலாமா?

பதில்: தமிழ்நாட்டில் பொதுவிடங்களை உருச்சிதைப்பதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால் வழக்கு வரலாம். உங்கள் வீட்டு வாசலிலும் கடிதங்களிலும் அந்தப் பெயரை எழுதிவர எந்தத் தடையும் இல்லை.