டிராகனுக்கும் எலும்பு உண்டு: வரையப் பழகுவோரின் கேள்விகள்

இல்லாத விலங்குக்கு உடற்கூறு எதற்கு? மனம்போன போக்கில் வரைந்தால் ஆகாதா?

வரையலாம். ஆனால் நாயும் பூனையும் பல்லியும் எல்லோருக்கும் பழகிய விலங்குகள். ஒரு மூட்டு இடம் மாறியிருந்தால், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாதவரும் எங்கேயோ இடிக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். கற்பனை விலங்கு இயல்பாகத் தெரிய வேண்டுமானால் அதன் ஒவ்வோர் உறுப்பும் ஏதாவது ஒரு நிஜ விலங்கின் உறுப்பை ஒத்திருக்க வேண்டும் என்று லியனார்டோ டா வின்சி எழுதிவைத்திருக்கிறார். டிராகனுக்கு அவர் சொல்லும் பட்டியலில் நாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் காது, ஆமையின் கழுத்து எல்லாம் வருகின்றன. எனக்கும் இதுதான் வழி. எலும்புக்கு நிஜ விலங்கைப் பாருங்கள், மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.

தலை அழகாக வந்துவிடுகிறது. உடம்பு வரையும்போது தாளில் இடம் போதவில்லை.

தலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் மண்டை ஓட்டிலிருந்து வால் நுனி வரை ஒரே கோடு, அதுதான் முதுகெலும்பு. அதன்மேல் மார்புக்கூட்டுக்குப் பெரிய முட்டை வடிவம் ஒன்று, இடுப்புக்குச் சிறியது ஒன்று. இவை தாளுக்குள் அடங்கிய பிறகுதான் கால்கள்.

இறக்கை முதுகில் ஒட்டவைத்த மாதிரியே இருக்கிறது. என்ன செய்வது?

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். காரணம் எளிது: இறக்கையை ஒரு பொருளாக நினைக்கிறோம். அது ஒரு கை. வௌவால் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். தோள், மேற்கை, முழங்கை, முன்கை, மணிக்கட்டு என்று நம் கையில் உள்ள எல்லாமே அதே வரிசையில் இருக்கின்றன. கட்டைவிரல் மட்டும் நகத்தோடு குட்டையாக வெளியே நிற்கும். மற்ற நான்கு விரல்களும் நீண்டு சவ்வைத் தாங்கும்.

சவ்வின் ஓரம் ஒரு விரல் நுனியிலிருந்து அடுத்த நுனிக்குப் போகும்போது உள்பக்கமாக வளையும், வெளியே புடைக்காது. உள்பக்கச் சவ்வு உடம்பின் விலாவில் வந்து சேரும். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே முன்புறமாக இன்னொரு சின்னச் சவ்வு உண்டு. பழகுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள், அதைச் சேர்த்தாலே இறக்கைக்கு உயிர் வரும்.

அப்புறம் தசை. பல பறவைகளில் இறக்கையைக் கீழே அடிக்கும் நெஞ்சுத் தசை மட்டுமே உடல் எடையில் 15 சதவீதத்தைத் தாண்டும். நான்கு காலும் இரண்டு இறக்கையும் கொண்ட முதுகெலும்பு விலங்கு இயற்கையில் கிடையாது. ஆகவே இரண்டாவது தோளை நாம்தான் அமைக்க வேண்டும். முன்னங்கால் தோளுக்குச் சற்று மேலே, பின்னால் வையுங்கள். அதற்கு இடம் கிடைக்க மார்புக்கூட்டை நீட்டி, நெஞ்சை ஆழமாக்குங்கள். அங்கிருந்து இறக்கைக்கு ஒரு கனமான தசை ஏறுவது தெரிந்தாலே ஒட்டவைத்த தோற்றம் போய்விடும். இது சிரமமாக இருந்தால், இரண்டு கால் இரண்டு இறக்கை கொண்ட வைவெர்ன் வகையில் தொடங்குங்கள்.

பின்னங்காலில் முழங்கால் பின்பக்கமாக மடங்குமா?

மடங்காது. நாயின் பின்னங்காலில் பின்னால் துருத்திக்கொண்டு தெரிவது குதிகால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி, முன்னோக்கித்தான் இருக்கிறது. நாய் விரல்களை ஊன்றி நடப்பதால் குதிகால் தரையில் படுவதில்லை.

கழுத்தும் வாலும் ரப்பர் குழாய் போல வருகின்றன.

கழுத்து எவ்வளவு வளையும் என்பது எலும்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒட்டகச்சிவிங்கிக்கும் நம்மைப் போலக் கழுத்தில் 7 எலும்புகள்தான். அன்னப்பறவைக்கு 20-க்கும் மேல். பாம்பு போல நெளியும் கழுத்து வேண்டுமென்றால் அன்னத்தைப் பாருங்கள். முதலையின் வாலை இடுப்போடு சேர்த்துக் கவனியுங்கள்: வாலடியிலிருந்து தொடை எலும்புக்கு ஒரு பெரிய தசை போகிறது. அதனால்தான் வாலடி அவ்வளவு தடிமன். இடுப்பின் அகலத்திலேயே வாலைத் தொடங்கி மெல்ல ஒடுக்குங்கள்.

செதில்களை ஒவ்வொன்றாக வரைய வேண்டுமா?

வேண்டாம். உடம்பு வளையும் ஓரத்திலும், வெளிச்சம் நிழலாக மாறும் இடத்திலும் கொஞ்சம் காட்டினால் போதும். முகத்திலும் விரல்களிலும் சிறிதாக, முதுகில் பெரிதாக. வயிற்றில் பாம்புக்கு இருப்பது போல அகலப் பட்டைகள் போடலாம். ஒன்றன்மேல் ஒன்று படியும் செதில் என்றால், தலையிலிருந்து வாலை நோக்கிப் படிய வேண்டும்.

சீன டிராகனுக்கும் இதே முறைதானா?

முதுகெலும்புக் கோடு அதேதான். பெரும்பாலும் இறக்கை இருக்காது என்பதால் இரண்டாவது தோள் பற்றிய கவலை இல்லை. நீண்ட உடம்பு தன்மேலேயே சுற்றி வரும்போது மறைந்துபோகும் பகுதியையும் லேசாக வரைந்துவிட்டு, பிறகு அழியுங்கள். இல்லாவிட்டால் இரு துண்டுகளும் ஒன்றோடொன்று சேராது.

தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. எதைப் பழகலாம்?

நாய், உடும்பு, வௌவால் என ஏதாவது ஒரு விலங்கின் புகைப்படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், குதிகால் இருக்கும் இடங்களில் புள்ளி வைத்து இணையுங்கள். பிறகு புகைப்படத்தை எடுத்துவிட்டு, அந்தக் கோட்டு எலும்புக்கூட்டின்மேல் உங்கள் டிராகனின் தசையை ஏற்றுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே விலங்கு போதும். அடுத்த வாரம் வேறொன்று.