பூட்டிய கடையும் இறங்காத வாடகையும்

கேள்வி: நகரின் நடுவே, நல்ல இடத்தில் இருக்கும் கடைகள்கூட மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. ஆன்லைன் வியாபாரம் வந்த பிறகு இது தவிர்க்க முடியாததுதானே?

பதில்: இல்லை. ஆன்லைன் வியாபாரத்தால் பல கடைகள் மூடப்பட்டது உண்மை. மூடிய கடை ஏன் மூடியே கிடக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஆள் வராத இடத்துக்கு வாடகை இறங்க வேண்டும் அல்லவா? பல இடங்களில் இறங்குவதே இல்லை.

வாடகைக் கட்டடத்துக்கு மதிப்புப் போடுவதே வாடகையை வைத்துத்தான். அந்த மதிப்பை நம்பித்தான் வங்கி கடன் கொடுத்திருக்கும். ஒரு கடையைப் பாதி வாடகைக்கு விட்டால் மதிப்பு சரியும். வங்கி கடனில் ஒரு பகுதியை உடனே கட்டச் சொல்லலாம். மற்ற கடைக்காரர்களும் குறைக்கச் சொல்லி வந்து நிற்பார்கள். காலியாக விட்டாலோ, பழைய மதிப்பைக் காகிதத்தில் இன்னும் கொஞ்ச காலம் காப்பாற்றலாம். நஷ்டம் பக்கத்துக் கடைக்காரருக்கு. ஷட்டருக்கு அடியில் செருகிய நோட்டீஸ்கள் மழையில் ஊறி, படியில் குப்பை சேர்ந்து, இரவில் விளக்கில்லாமல் கிடக்கும் முகப்பைத் தாண்டி அவர் கடைக்கு எத்தனை பேர் வருவார்கள்?

கடையைப் பூட்டி வைத்தால் உரிமையாளருக்குச் செலவு ஆகும்படி செய்ய வேண்டும். சான்பிரான்சிஸ்கோ மக்கள் 2020இல் வாக்களித்து இதற்கென வரி கொண்டுவந்தார்கள். ஆண்டில் 182 நாளுக்கு மேல் காலியாக இருந்தால், கடை முகப்பின் ஒவ்வோர் அடிக்கும் முதல் ஆண்டு 250 டாலர், அடுத்து 500, பிறகு 1000. இங்கிலாந்தில் 2024 டிசம்பர் முதல், 2 ஆண்டுக்குள் 365 நாளுக்கு மேல் காலியாகக் கிடந்த கடைத்தெருக் கடைகளின் குத்தகையை உள்ளாட்சி மன்றமே ஏலம் விடலாம்.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் நியூகாசில். 2008இல் தொடங்கிய ‘ரினியூ நியூகாசில்’ திட்டம், காலிக் கடைகளைக் கலைஞர்களுக்கும் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கும் 30 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அனுமதியில் கொடுத்தது. முழு வாடகை தர ஆள் வந்தால் அவர்கள் இடத்தை விட்டுவிட வேண்டியிருந்தது. இது குத்தகையே இல்லை என்பதால் உரிமையாளரின் வாடகைக் கணக்கும் கெடவில்லை. அப்புறம் என்ன தயக்கம்?

உங்கள் நகர நிர்வாகத்திடம் ஒன்று கேளுங்கள்: எந்தக் கடை எந்தத் தேதியிலிருந்து காலி என்று பதிவேடு வைத்திருக்கிறீர்களா? அது இல்லாமல் வரியும் போட முடியாது, ஏலமும் விட முடியாது.